வெண்டல் க்ராவுஸின் வண்டியில் என்ன குறை

பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெண்டல் க்ராவுஸ் ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்தவர்களுடைய வண்டிகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அதற்காக அவரை யாரும் சம்பளத்துக்கு அமர்த்தவில்லை. பழைய பால்பண்ணைத் திடலின் சட்டம் அப்படி. தன் பந்தயம் முடிந்த ஒவ்வொருவரும் அடுத்த பந்தயத்துக்கு ஏதாவது ஒரு வளைவில் போய் நிற்க வேண்டும். கவிழ்ந்து கிடக்கும் வண்டியை ஓடிப்போய்த் தூக்கி நேராக விட வேண்டும். காலையில் மூன்று தகுதிச் சுற்றுகள், ஒவ்வொன்றையும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஓடுவார்கள். மூன்றில் அவரவருடைய நல்ல சுற்றை வைத்து முதல் பத்து இடம் பிடித்தவர்கள் ஏ மெயின் என்கிற இறுதிப் பந்தயத்துக்குப் போவார்கள். மிஞ்சியவர்களுக்கு பி மெயின். கடைசியாக ஏ மெயின் நடக்கும்போது மேடையில் அவர்கள் ரிமோட்டோடு ராஜா மாதிரி நிற்பார்கள், கீழே புழுதியில் பி மெயின்காரர்கள் நிற்பார்கள். வெண்டல் ஒரு நாளும் அந்த மேடையில் ஏ மெயினுக்காக நின்றதில்லை. ஒரே ஒரு தடவை நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கடவுள் அதைக்கூடக் காதில் வாங்கவில்லை.

வண்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும்தான் நீளம். பேட்டரியில் ஓடும் டிரக். முள் முள்ளாக ரப்பர் வைத்த நாலு சக்கரம், குலுக்கலைத் தாங்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஷாக், மேலே பளபளவென்று வண்ணம் அடித்த கூடு. விரலை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் எட்டு அடி தாண்டி மேட்டில் ஏறிப் பறக்கும். தெரியாதவர்கள் பொம்மை என்பார்கள். திடலில் அந்தச் சொல்லைச் சொன்னால் அடி விழும்.

வெண்டலுக்கு ஐம்பத்தாறு வயது. சான் ஜசின்டோ பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடங்களின் ஏசி மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஜூலை மாதம் நூற்றெட்டு டிகிரி அடிக்கும்போது கோடைவகுப்புப் பிள்ளைகள் குளுகுளுவென்று உட்கார்ந்து கணக்குப் போடுவது அவர் தயவில்தான். கூரைமேல் ஏறி மெஷின் பக்கத்தில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பார். "இடப்பக்கத்து விசிறியோட பேரிங். இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்" என்பார். பதினைந்தாவது நாள் அது போய்விடும். தொழிலில் அவர் கை வைத்தால் மறுபேச்சில்லை. அதனாலேயே அந்த முழங்கை நீள வண்டி அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருபது டன் மெஷின் சொன்னபடி கேட்கிறது, மூன்று பவுண்டு வண்டி கேட்கமாட்டேன் என்கிறதே!

அவர் வீட்டு கராஜைப் பார்த்தால் ஏதோ மருத்துவமனை என்று தோன்றும். வண்டியை வைத்து அளப்பதற்கென்று ஒரு அங்குல கனத்தில் கண்ணாடிப் பலகை. ஷாக்குகளில் ஊற்றும் எண்ணெய் கெட்டி வாரியாகப் பதினெட்டுக் குப்பிகள். ஸ்பிரிங்குகள் விறைப்புக்கு ஒரு நிறமாகப் பெட்டியில். சக்கரம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, வயிறு தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், வெயில் எப்படி, மண் எவ்வளவு ஈரம் என்று எழுதி எழுதிப் பதினான்கு நோட்டுப் புத்தகம் நிரம்பிவிட்டது. கராஜுக்கு ஏசி உண்டு. அவர் மனைவி கிரிசெல்டாவின் கார் வாசலில் வெயிலில் காயும்.

"என் கார் வெளிய வேகுது, உன் வண்டி உள்ள தூங்குது. யாரைக் கட்டிக்கிட்ட நீ?" என்று அவள் கேட்பாள்.

வெண்டல் பாட்டுக்கு ஸ்பிரிங்கை அரைக்கால் திருகு திருப்பிக்கொண்டிருப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால், மனிதர் உடனே ரசமட்டம் எடுத்துவந்து கூடத்தை அளந்து, "பாருங்க, அரை மில்லிமீட்டர் கோணல்தான்" என்று நிரூபித்திருப்பார்.

இத்தனைக்கும் மேல் ஒரு மைத்துனன் வேறு வாய்த்தான். கிரிசெல்டாவின் தம்பி நாச்சோ. தரைக்கு ஓடு பதிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் விடிந்ததும் வந்து மேஜை விரித்து, துணி விரித்து, கருவிகளை வரிசையாக அடுக்கிவிட்ட பிறகு ஒன்பதரைக்கு வருவான். ஒரு கையில் முட்டையும் சோரிசோ இறைச்சியும் வைத்து ரொட்டியில் சுருட்டிய புரீட்டோ. இன்னொரு கையில் ஓடு ஒட்டும் காரை கலக்குகிற வாளி. அந்த வாளிக்குள்தான் வண்டி. போன வாரத்து மண் அதன்மேல் அப்படியே காய்ந்து ஒட்டியிருக்கும். அந்த வண்டியோடு அவன் வாராவாரம் ஏ மெயினுக்குப் போய்விடுவான்.

அந்த அக்டோபர் ஞாயிறும் அப்படித்தான் விடிந்தது.

"மச்சான், காபி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்து வாளியை வெண்டலின் வெள்ளைத் துணிமேல் வைத்தான் நாச்சோ.

"வாளிய எடு. இன்னும் கழுவலையா அதை?"

"மண்ணுல ஓடப்போற வண்டி. கழுவி என்ன, கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போறோம்?"

வெண்டல் குனிந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. "பின்னால இடப்பக்கம் சிவப்பு ஸ்பிரிங், வலப்பக்கம் நீலம். உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

"சிவப்பு ஒண்ணு ஒடிஞ்சு போச்சு மச்சான். கையில நீலம் கிடைச்சுது. போட்டுட்டேன்."

"எப்போ?"

நாச்சோ புரீட்டோவை மென்றுகொண்டே யோசித்தான். "ஈஸ்டருக்கு முன்னாடி."

ஈஸ்டர் முடிந்து ஆறு மாதமாகியிருந்தது. அந்த ஆறு மாதத்தில் நாச்சோ எல்லா ஏ மெயினிலும் ஓடியிருந்தான்.  மைத்துனன் என்றால் மைத்துனன், பிரியம் என்றால் பிரியம், ஆனால் அந்த நீல ஸ்பிரிங்கைப் பிடுங்கி அவன் காபியில் போட வேண்டும் போலிருந்தது வெண்டலுக்கு.

முதல் சுற்றில் வெண்டல் பதின்மூன்றாவது. வழக்கமான இடம்தான். வளைவில் திரும்பும்போதெல்லாம் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. வழுக்கினால் சுவரில் இடி, இடித்தால் குப்புற விழ வேண்டியது. அவருடைய பதினான்கு நோட்டிலும் அதிகம் எழுதப்பட்ட சொல் 'பின்பக்கம்' என்பதுதான். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவே பின் ஷாக் எண்ணெயை ஒரு படி இளக்கினார். சக்கரச் சாய்வை அரை டிகிரி குறைத்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்து ரப்பரையும் மாற்றினார்.

இரண்டாம் சுற்றில் என்ன நடந்தது என்று அவருக்கே பிடிபடவில்லை. ஐந்து நிமிஷம், ஒரு கவிழ்தல்கூட இல்லை. இரட்டை மேட்டில் ஏறி இறங்கி, சுவரைத் தொடாமல் திரும்பி, யாரோ வேறொருவர் ஓட்டுவது போல வண்டி ஓடிற்று. முடிந்ததும் மார்ஜ் ஒலிபெருக்கியில் கத்தினாள். மார்ஜ் ஸ்டப்ஸ் அந்தத் திடலின் சொந்தக்காரி. எண்ணுகிற கூண்டுக்குள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து பந்தயம் நடத்துகிறவள்.

"வெண்டல் க்ராவுஸ், இப்போதைக்கு ஒன்பதாவது! எல்லாருக்கும் காதுல விழுந்துச்சா? ஒன்பது!"

மேஜைகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் சீட்டி அடித்தார். மூன்றாம் சுற்றில் இரண்டு பேர் அவரை முந்தாமல் இருந்தால் போதும், ஏ மெயின் கைக்குள் வந்த மாதிரிதான். நாச்சோ ஓடிவந்து அவரைத் தூக்கிவிடப் பார்த்தான். வெண்டல் சிரித்திருக்க வேண்டும், ஆனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"மூணாவது மேட்டுல பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டிச்சு. கவனிச்சியா?"

நாச்சோ அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான். "மச்சான், நான் சொல்றதக் கேளு. வண்டிய மேஜைல வை. கையக் கட்டிக்கோ. தொடாத. எங்க அம்மாமேல ஆணை, தொடாத."

"தொடமாட்டேன்டா."

"சத்தியமா?"

"போடா, உன் பந்தயத்துக்கு நேரமாச்சு."

நாச்சோ தன் சுற்றுக்காக மேடைக்குப் போனான். வெண்டல் வண்டியை மேஜையில் வைத்துவிட்டு, ஆறாம் வளைவுக்குப் போகத்தான் எழுந்தார். சட்டப்படி அடுத்த பந்தயத்துக்கு அவர் அங்கே நிற்க வேண்டும். ஆனால் அந்த வெட்டு மனதைப் பிறாண்டியது. பின் ஸ்பிரிங்கில் கால் திருகு. கால் திருகுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை இழுத்துக்கொண்டு குனிந்தார். ஒரு பக்கம் திருப்பினால் இன்னொரு பக்கமும் திருப்ப வேண்டும். இரண்டும் சமமா என்று கண்ணாடிப் பலகையில் அளக்க வேண்டும். அளந்தால் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிகிறது, அதை எப்படி விடுவது?

பந்தயக்காரர்கள் எல்லோருமே இந்தத் தப்பைச் செய்வார்கள். வண்டிக்குள் தலையை விட்டால் வெளியுலகம் அவிந்துவிடும். மார்ஜ் மூன்று தடவை "ஆறாம் வளைவுல ஆளில்ல, ஆறாம் வளைவு" என்று கூப்பிட்டாள். நாலாவது தடவை அவர் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தபோது தூரத்தில் ஆறாம் வளைவில் ஒரு வண்டி மல்லாந்த வண்டு மாதிரி நாலு சக்கரத்தையும் ஆகாயத்தில் சுழற்றிக்கொண்டு கிடந்தது. மண் அப்பிய வண்டி. நாச்சோவுடையது. பக்கத்து வளைவில் நின்ற ஆள் ஓடிவந்து நிமிர்த்துவதற்குள் இருபது வினாடி போய்விட்டது. அந்தச் சுற்று அவனுக்குப் பாழ்.

வெண்டல் கூண்டுக்கு ஓடினார். பந்தயம் முடிந்ததும் மார்ஜ் மைக்கை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"மார்ஜ், நான் வேணும்னு செய்யலைங்க."

"யாரும் வேணும்னு செய்யறதில்ல வெண்டல். நாலு தரம் கூப்பிட்டேன்."

"இந்த ஒரு தடவை விட்டுடுங்க. பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது நான் நிக்காம போயிருக்கேனா?"

"இல்ல. உன்ன மாதிரி ஒழுங்கா நிக்கிறவன் இங்க கிடையாது. ஆனா நிக்காம போனவனுக்கு அவனோட நல்ல சுற்ற வெட்டணும்னு சட்டம் இருக்கே, நான் என்ன பண்ணட்டும்? சட்டம் எழுதினது யாரு, ஞாபகம் இருக்கா?"

வெண்டலுக்கு ஞாபகம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் வண்டி ஒரு வளைவில் கவிழ்ந்து அரை நிமிஷம் அநாதையாகக் கிடந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று, மேஜையைத் தட்டித் தட்டிப் பேசி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவருக்கு எதிராக ஒருவரும் கை தூக்கவில்லை. மார்ஜ் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்பதாம் இடத்தை அழித்தாள். தன் கண்ணையே தன் விரல் குத்தினால் யாரைப் போய் நோவது?

மேஜைக்குத் திரும்பிய வெண்டல், நாச்சோ திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விடு மச்சான். முதல் சுற்றுலயே எனக்கு நாலாவது இடம் இருக்கு" என்றான் அவன். "உன்னுதுதான் வீணாப் போச்சு."

"உன் வண்டி இருபது செகண்ட் கிடந்துச்சுடா."

"ஓய்வெடுத்துச்சு. ஆனா தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியே, அதுக்குத்தான் உன்ன உதைக்கணும்."

மூன்றாம் சுற்றை வெண்டல் கோபத்தில் ஓட்டினார். கோபத்தில் ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. இரண்டு தடவை கவிழ்ந்தார். பதின்மூன்றாம் இடம். பி மெயின். ஆனால் பி மெயினுக்கும் ஒரு ஜன்னல் உண்டு: அதில் முதல் இரண்டு இடம் பிடிக்கிறவர்கள் ஏ மெயினுக்கு ஏறிவிடலாம். வரிசையில் கடைசியில் நின்றாவது ஓடலாம். கிளம்பும் வரிசையில் வெண்டல் மூன்றாவது. ஒரே ஒரு ஆளைத் தாண்டினால் போதும்.

அந்த ஒரு மணி நேரமும் அவர் நிழலில் உட்காரவில்லை. காலையில் போட்ட தண்ணீர் காய்ந்து திடல் கட்டாந்தரையாகிவிட்டது. புழுதி பவுடராகப் பறந்தது. பின் ஸ்பிரிங்கைக் கழற்றி ஒரு படி மெத்தென்று இருப்பதைப் போட்டார். வண்டியின் வயிற்றை ஒரு மில்லிமீட்டர் இறக்கினார். சாப்பிட மறந்தார். யாரோ நீட்டிய தமாலேயை மேஜையிலேயே வைத்துவிட்டார், அது காய்ந்து ஈ மொய்த்தது.

பி மெயின் ஆறு நிமிஷம். முதல் சுற்றிலேயே வெண்டல் ஒருவரைத் தாண்டி இரண்டாவதாக வந்துவிட்டார். பின்னால் லமார் என்ற தபால்காரர் ஒட்டிக்கொண்டே வந்தார். ஐந்து நிமிஷம் வரைக்கும் இரண்டாம் இடம் வெண்டலிடமே இருந்தது. கடைசிச் சுற்று. கடைசி வளைவு. அவர் விரல் விசையை முழுக்க அழுத்தியிருந்தது. இந்த நேரத்தில் விடுவானேன்? பின்பக்கம் வழுக்கியது. வண்டி கவிழவில்லை, சுவரில் லேசாக உரசித் திரும்பிற்று, அவ்வளவுதான். அந்த உரசலில் லமார் உள்பக்கமாக நுழைந்து போய்விட்டார். ஒரு வண்டி நீளத்தில் வெண்டல் மூன்றாவது.

மேடையிலிருந்து இறங்கி வந்தவர் மேஜைக்கு முன்னால் இருந்த மடக்கு நாற்காலியை உதைத்தார். ஐம்பத்தாறு வயது மனிதர். நாற்காலி மடங்கி அவர் முழங்காலையே கடித்தது.

"பின்பக்கம்! பின்பக்கம்! எத்தனை தடவைதான் மாத்தறது இந்தச் சனியன! இதுக்கு மேல என்னடா பண்ணுவேன் நான்?" என்று வண்டியிடமே கத்தினார். பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் வண்டிகளில் ஏதோ அவசர வேலை இருப்பது போலக் குனிந்துகொண்டார்கள். வெண்டலுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அது வெட்கமாக இருந்தது, வெட்கமாக இருந்ததனால் இன்னும் ஆத்திரம் வந்தது. ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நாச்சோ வந்தான். அன்றைக்கு முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. வண்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினான். உள்ளே கடகடவென்று கல் அரைபடுகிற சத்தம் வந்தது.

"கியர் போச்சு மச்சான். பல்லே இல்ல."

"கடைசியா எப்போ கிரீஸ் போட்ட?"

"கிரீஸ் போடணுமா?"

வெண்டல் அந்தச் சக்கரத்தைத் தானும் ஒரு தடவை சுழற்றிக் கேட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

"இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு. உன் வண்டியக் குடேன்."

திடலில் எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. அங்கே யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. திருகாணி கேட்டால் திருகாணி, பேட்டரி கேட்டால் பேட்டரி. இல்லை என்று சொன்னவனுடன் அடுத்த வாரம் யாரும் காபி குடிக்கமாட்டார்கள். அதோடு அந்த இருபது வினாடிக் கடன் வேறு வெண்டலின் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. இருந்தாலும், பதினோரு வருஷம் அவர் ஏற முடியாத இடத்துக்கு இந்த வண்டி அவர் இல்லாமல் போவதா? சில வினாடி வண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு புதுப் பேட்டரியைப் போட்டு, ரிமோட்டையும் சேர்த்து நீட்டினார்.

"பின்பக்கம் வழுக்கும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னக் குத்தம் சொல்லாத."

"சரி மச்சான்."

கூண்டில் மார்ஜ் ஒப்புக்கொண்டாள். வண்டி மாற்றியதனால் நாச்சோ வரிசையில் கடைசியாக நிற்க வேண்டும். இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு சின்னச் சில்லு இருக்கும். வண்டி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் சுற்றை எண்ணும், சொந்தக்காரர் பெயரைப் போடும்.

"சில்லு மாத்த நேரமில்ல. இவன் நம்பர எடுத்துட்டு உன் நம்பர உள்ள போடறேன். பேரு உன்னுதுதான் வரும் வெண்டல். அப்புறமா மாத்திக்கலாம்."

"என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வெண்டல் வளைவுக்கு நடந்தார். இந்தத் தடவை எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார்.

மணி அடித்தது. பன்னிரண்டு வண்டிகளும் ஒரே புழுதியாகக் கிளம்பின. அந்தப் புழுதிக்கு நடுவிலிருந்து தன் வண்டி வெளியே வருவதை வெண்டல் பார்த்தார். அது ஓடுவதைக் கீழே நின்று அவர் பார்த்ததே இல்லை; எப்போதும் மேடையில் ரிமோட்டோடு நின்றுதான் பார்த்திருக்கிறார். வண்டி வளைவுக்குள் வந்தது. பின்பக்கம் போகப்போகிறது என்று அவர் உடம்பு தானாக இறுகிக்கொண்டது. போகவில்லை. நாலு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டு, ஒரு சாய்வு சாய்ந்து, வளைவை வழித்துக்கொண்டு போயிற்று.

அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றிலும்.

நாலாவது சுற்றில்தான் காது கண்டுபிடித்தது. கூரைகளின் மேல் கண்ணை மூடிக்கொண்டு மெஷினைக் கேட்கிற காது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கை தூரம் முன்னாலேயே தன் வண்டியின் மோட்டார் சத்தம் இறங்குவதை அவர் கேட்டார். இறங்கும், வண்டி அமைதியாகத் திரும்பும், பிறகு மெதுவாக ஏறும். அவர் ஓட்டும்போது அது எப்போதும் ஒரே கத்தலாகக் கத்தியிருக்கும். மேடையை நிமிர்ந்து பார்த்தார். நாச்சோ வாயில் சூரியகாந்தி விதையை மென்றுகொண்டு, தூங்கப்போகிறவன் மாதிரி நின்றிருந்தான். அவன் விரல் விசையை விட்டு விட்டுப் பிடித்தது.

"ஏழாவது, வெண்டல் க்ராவுஸ்!" என்றாள் மார்ஜ் ஒலிபெருக்கியில். கூட்டம் சிரித்தது. "ஓட்டறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா சொல்ல நல்லாத்தான் இருக்கு. ஆறாவது, வெண்டல் க்ராவுஸ்!"

வெண்டலும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. சாய்வை அரை டிகிரி குறைத்தது சரிதான். எண்ணெயை இளக்கியது சரிதான். அந்த மெத்தென்ற ஸ்பிரிங்கும் சரிதான். அவர் செய்ததெல்லாமே சரியாகத்தான் இருந்திருக்கிறது. இன்றைக்கு மட்டும்தானா? போன வருஷமும் இப்படித்தான் இருந்ததோ? அதற்கு முந்தின வருஷம்? ஏ மெயினில் ஓட வேண்டிய வண்டி எத்தனை வருஷமாகத் தன் கையில் சிக்கிக்கொண்டு பி மெயினில் புழுதி தின்றதோ என்று எண்ணிப் பார்த்தார்.

கடைசி நிமிஷத்தில் பின்னால் வந்த வண்டி ஒன்று இடித்து, அவருடைய வண்டி அவர் காலடியிலேயே குப்புற விழுந்தது. அவர் ஓடினார். குனிந்து எடுத்தார். கையில் சூடாக இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அதைக் கீழே விடாமல் அப்படியே மேஜைக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன என்று தோன்றியது. நிமிர்த்துகிறவன் யாருடைய வண்டி என்று பார்க்கக் கூடாது. பாதையில் நேராக வைத்துக் கையை எடுத்தார். வண்டி அவர் முகத்தில் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

மூன்றாம் இடம். "மூணாவது, வெண்டல் க்ராவுஸ்!" என்று முழங்கிற்று ஒலிபெருக்கி. எல்லோரும் கை தட்டினார்கள், சிலர் அவர் நின்ற பக்கம் திரும்பியே தட்டினார்கள்.

நாச்சோ வண்டியைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். கண் பளபளத்தது.

"மச்சான்! என்ன வண்டி இது! தண்டவாளத்துல போற மாதிரி போகுது. நினைச்ச இடத்துல திரும்புது. என் வண்டியெல்லாம் வண்டியா? இத்தனை நாளா இத வச்சுக்கிட்டா நீ அழுதுக்கிட்டிருந்த?"

"வழுக்கலையா?"

"எங்க வழுக்குது? ஒரு தடவைகூட இல்ல."

"நிஜமா சொல்லு. எனக்காகச் சொல்லாத."

"எங்க அம்மாமேல ஆணை மச்சான். இதவிட நல்ல வண்டி இந்தத் திடல்லயே கிடையாது."

அவன் மனதாரப் புகழ்ந்தான். ஒவ்வொரு வார்த்தையும் வெண்டலுக்கு அறை விழுந்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு தடவை வழுக்கிற்று என்று இந்தப் பாவி சொல்லக் கூடாதா? அந்த ஒரு தடவையைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடுவாரே.

பையில் போன் அடித்தது. கிரிசெல்டா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பந்தய முடிவுகள் போனில் வருகிற பக்கத்தை இடைவேளையில் திறந்து பார்ப்பாள்.

"வெண்டல்! ஏ மெயின்! மூணாவது! மூணாவது!" அவள் கத்தின கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "இங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். சமையல்கட்டுல கை தட்டறாங்க, கேக்குதா உனக்கு? நான் அழுதுட்டேன்டா. கேக் வாங்கிட்டு வரேன். மூணு பால் ஊத்தற கேக்தானே வேணும்? ஏன் பேசமாட்டேங்கற, நீயும் அழறியா?"

வெண்டல் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் மேஜைகளை மடக்குகிற சத்தம் கேட்டது.

"கிரிஸ். ஓட்டினது நான் இல்ல. நாச்சோ. அவன் வண்டி கியர் போச்சு. என்னுதக் குடுத்தேன். பேரு மட்டும் என்னுது வந்திருக்கு."

அந்தப் பக்கம் கைதட்டல் கொஞ்ச நேரம் தொடர்ந்து, பிறகு நின்றது. அவள் ஏதோ ஜாடை காட்டியிருக்க வேண்டும்.

"ஓ" என்றாள். பிறகு உடனே குரலை மாற்றிக்கொண்டாள். பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரைச் சமாதானப்படுத்தக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "சரி, போகட்டும் விடு. இன்னிக்கி வண்டியில என்ன குறை? மறுபடியும் அந்தப் பின்பக்கமா?"

வெண்டல் தன் வண்டியைப் பார்த்தார். புழுதி படிந்து மேஜைமேல் நின்றது. நாச்சோ சட்டை நுனியால் அதன் கூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். தன் வண்டியை அவன் ஒரு நாளும் அப்படித் துடைத்ததில்லை.

"வண்டியில ஒரு குறையும் இல்ல, கிரிஸ்" என்றார்.



"வீட்டுக்கு வா" என்றாள்.